மயிற்பீலி ஏன் கரைந்தது?

தைப்பூசத்தன்று விடியுமுன்பே நாங்கள் சாலாக் செலாத்தான் கொமுட்டர் நிலையத்தில் நின்றோம். நான், பாட்டி, அண்ணன், அண்ணி, ஐந்தாம் ஆண்டு படிக்கும் அண்ணன் மகள் பாப்பா. என் கைப்பேசி அவள் கையில். செபுத்தே, மிட்வேலி, கே.எல். சென்ட்ரல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் மஞ்சள் உடையும் பால்குடமுமாக ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். பத்துமலையில் இறங்கியபோது கால் வைக்க இடமில்லை.

அவளுக்கு ஒரு பள்ளி வேலை இருந்தது. தைப்பூசத்தைப் பற்றி இரண்டு நிமிடக் காணொளி தயாரிக்க வேண்டும். முதல் நிமிடத்தை முதல் நாளே வீட்டில் எடுத்துவிட்டோம். நாற்காலியில் உட்கார்ந்து அவள் பேசுகிறாள். பின்னால் வெள்ளைச் சுவர், வேறொன்றுமில்லை. இரண்டாம் நிமிடம் மயில் காவடி. உருமி மேளம் அதிர, காவடி சுற்றிச் சுற்றி ஆட, பீலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிலிர்க்கின்றன. பின்னால் கூட்டம், சாம்பிராணிப் புகை, மேலே வண்ணப் படிகள்.

மாலையில் இரண்டையும் என் பழைய மடிக்கணினியில் போட்டு, வலையேற்றுவதற்குத் தோதான சிறிய கோப்பாக மாற்றினேன். இரண்டு பகுதிக்கும் ஒரே கட்டளைதான் கொடுத்தேன்: வினாடிக்கு 2 மெகாபிட், அதற்குமேல் போகாதே. வம்பு அங்கேதான் பிறந்தது.

பிறகு வரவேற்பறைத் தொலைக்காட்சியில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். முதல் நிமிடம் ஓடியதும் பாட்டி கன்னத்தில் கைவைத்து ரசித்தார். இரண்டாம் நிமிடம் தொடங்கியதும் முகம் சுருங்கியது.

"பாப்பா மூஞ்சி பளிங்கு மாதிரி இருந்துச்சு. காவடி வந்ததும் கஞ்சியாப் போச்சே, தம்பி!"

"சித்தப்பா, மயிலிறகே காணோம் லா. பச்சையா ஏதோ கரைஞ்சு ஓடுது!"

ஒரே கைப்பேசி, ஒரே கணினி, ஒரே கட்டளை. ஒரு பாதி பளிங்கு, மறு பாதி கஞ்சி. ஏன்?

முதலில் ஒரு பெருக்கல் கணக்கு. முழு உயர்துல்லியப் படம் என்று சொல்கிறோமே, அதில் குறுக்கே 1,920 புள்ளிகள், மேலிருந்து கீழே 1,080 புள்ளிகள். (பள்ளியில் வாங்கும் புள்ளி இல்லை, திரையில் மின்னும் புள்ளி.) பெருக்கினால் 2,073,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வேண்டும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். அதற்கு ஒரு பைட் இடம். ஆக ஒரே ஒரு படத்துக்கு 6,220,800 பைட். கைப்பேசி வினாடிக்கு 30 படம் எடுக்கிறது என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 187 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 11 கிகாபைட்டுக்கும் மேல். 64 கிகாபைட் கைப்பேசி ஆறு நிமிடத்துக்குள் நிரம்பி வழியும்!

அப்படி நிரம்புவதில்லையே? ஏனென்றால் கைப்பேசி படம் எடுக்கும்போதே சுருக்கிவிடுகிறது. ஒரு நிமிடம் ஏறத்தாழ 100 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். அதை நான் இன்னும் நசுக்கினேன். வினாடிக்கு 2 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 120 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 15 மெகாபைட். அந்த 11 கிகாபைட்டோடு ஒப்பிட்டால் எழுநூறில் ஒரு பங்குகூட இல்லை. முதல் பாதி இத்தனைக்குப் பிறகும் பளிங்காக இருந்ததுதான் உண்மையில் வியப்பு.

எப்படிச் சுருக்குகிறார்கள்? உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது மாணவர் உள்ள வகுப்பில் இன்று யார் யார் வந்தார்கள் என்று அலுவலகத்தில் கேட்டால், ஆசிரியர் முப்பது பெயரையும் படிப்பதில்லை. "இரண்டு பேர் வரவில்லை, மற்றவர்கள் இருக்கிறார்கள்" என்று முடித்துவிடுவார். காணொளியும் அப்படித்தான். போன படத்தில் இருந்த சுவர் இந்தப் படத்திலும் இருக்கிறதா? அதைப் பற்றி எழுதவே வேண்டாம். மாறியதை மட்டும் எழுது.

நகர்ந்தாலும் பரவாயில்லை. ரயில் சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வெளியே தெரியும் கட்டடம் மாறுவதில்லை, பக்கவாட்டில் தள்ளிப்போகிறது, அவ்வளவே. சுருக்கும் நிரல் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, "இந்தக் கட்டம் போன படத்தில் பன்னிரண்டு புள்ளி வலப்பக்கம் இருந்தது, அங்கிருந்து எடுத்துக்கொள்" என்று குறிப்பு எழுதிவிடும்.

நாற்காலியில் பேசும் பாப்பாவுக்கு வாயும் கண்ணும் கையும்தான் மாறுகின்றன. மற்ற எல்லாரும் 'வந்திருக்கிறார்கள்'. மயில் காவடியில்? ஒவ்வொரு பீலியும் ஒவ்வொரு பக்கம் சிலிர்க்கிறது. காவடி சுழல்வதால் பின்னால் இருந்தது முன்னால் வருகிறது. புகைக்கு உருவமே கிடையாது. போன படத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். ஆனால் எழுதக் கொடுத்த தாளோ அதே 2 மெகாபிட்.

தாள் போதாதபோது நிரல் என்ன செய்யும்? எண்களை முழுமையாக்கும். நம் நாட்டில் இது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். 2008 ஏப்ரல் 1 முதல் கடையில் ரொக்கம் கொடுக்கும்போது மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள். 7 வெள்ளி 82 சென் வந்தால் 7 வெள்ளி 80 சென். 83 வந்தால் 85. ஒரு சென் காசை யாரும் தேடவில்லை. ஐந்து சென்னுக்குப் பதிலாக ஐந்து வெள்ளிக்கு முழுமையாக்கினால்? ஒரு வெள்ளி மிட்டாய் இலவசமாகிவிடும். மூன்று வெள்ளி ரொட்டிக்கு ஐந்து வெள்ளி கொடுக்க வேண்டிவரும். கணக்கு சுலபமாகும், உண்மை காணாமல் போகும்.

ஆனால் முழுமையாக்குவது புள்ளிகளை அல்ல. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. கொஞ்சம் நின்று போவோம்.

படத்தில் எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று 64 அடிப்படைக் கோலங்கள் இருக்கின்றன. முதல் கோலம் கட்டம் முழுக்க ஒரே வெளிச்சம். அடுத்தது ஒரு பக்கம் வெளிச்சமாகத் தொடங்கி மறுபக்கம் மெல்ல இருளும். அதற்கடுத்தவை பட்டை பட்டையாக. போகப்போகப் பட்டைகள் நெருங்கி, கடைசிக் கோலம் சதுரங்கப் பலகை மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். உலகத்தில் எந்தப் படத்தின் எந்தக் கட்டத்தையும் இந்த 64 கோலங்களைத் தகுந்த அளவில் கலந்து செய்துவிடலாம். ரசம் வைக்கப் புளி இவ்வளவு, மிளகு இவ்வளவு, சீரகம் இவ்வளவு என்று பாட்டி அளவு சொல்கிறாரே, அப்படி. கணினி ரசத்தை அனுப்புவதில்லை. அளவுச் சீட்டை அனுப்புகிறது. உங்கள் வீட்டுத் திரை அதைப் பார்த்துச் சமைத்துக்கொள்கிறது.

வெள்ளைச் சுவருக்குச் சீட்டில் ஒரு வரி போதும்: முதல் கோலம் இவ்வளவு, மற்றதெல்லாம் பூச்சியம். மயிற்பீலிக்கோ நெருக்கமான கோலங்கள் பலவும் சிறுசிறு அளவில் வேண்டும். முழுமையாக்கும்போது முதலில் பூச்சியமாவது அந்தச் சிறு அளவுகள்தாம். பெருங்காயம் துளி என்பதால் விட்டுவிட்டால் ரசம் எப்படி இருக்கும்? பீலி கரைந்தது அப்படித்தான். இன்னும் கடுமையாக முழுமையாக்கினால் கட்டத்துக்குக் கட்டம் ஒட்டாமல், படம் முழுக்க ஓடு பதித்த தரை மாதிரித் தெரியும்.

இந்தக் கோலக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் 1940இல் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1972இல் இதை ஆராய அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. மதிப்பிட்டவர்களில் ஒருவருக்கு அந்த யோசனை ரொம்பவும் எளிமையாகத் தோன்றியதாம்! அவர் விடவில்லை. தம்மிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த நடராஜனோடும், சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்துப் பின்னர் டெக்சஸில் பேராசிரியரான கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974 சனவரியில் கட்டுரையை வெளியிட்டார். நான்கே பக்கம். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் படமும் வலையொளியில் பார்க்கும் காணொளியும் பெரும்பாலும் அந்த நான்கு பக்கத்தின் பேரப்பிள்ளைகள். கட்டத்தின் அளவும் கோலங்களின் வடிவமும் கொஞ்சம் மாறியிருக்கின்றன, அடிப்படை அதேதான்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் பாப்பா கேட்டாள்: "சரி சித்தப்பா, எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு மதிப்பெண் போட முடியுமா?"

நல்ல கேள்வி. கோடிக்கணக்கான காணொளிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து, "இது சரி, இது கஞ்சி" என்று சொல்ல ஆள் கிடையாது. கணினியே மதிப்பெண் போட வேண்டும். எப்படி?

எளிய வழி, மூலப் படத்தையும் மாற்றிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி கழிப்பது. நான்கு புள்ளிகளை மட்டும் பார்ப்போம். மூலத்தில் 100, 102, 98, 100. மாற்றியதில் 101, 100, 98, 99. வேறுபாடு: ஒன்று, இரண்டு, பூச்சியம், ஒன்று. ஒன்று கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிடக் கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்குகிறோம். 1, 4, 0, 1. கூட்டினால் 6, நான்கால் வகுத்தால் 1.5. இதுதான் சராசரிப் பிழை. சிறியதாக இருந்தால் நல்லது.

பொறியியலாளர்கள் இதை அப்படியே சொல்வதில்லை. ஒலியை அளக்கும் டெசிபெலுக்கு மாற்றிச் சொல்வார்கள். மிகப் பெரிய எண்ணான 255ஐ அதே எண்ணால் பெருக்கினால் 65,025. அதைப் பிழையால் வகுத்து டெசிபெலாக்கினால் நம் நான்கு புள்ளிகளுக்கு 46 வரும். இந்த அளவுக்குப் பிஎஸ்என்ஆர் என்று பெயர். பிழை பத்து மடங்கு குறைந்தால் மதிப்பெண்ணில் 10 கூடும். 40க்கு மேல் போனால் பொதுவாக நல்ல படம், 30க்குக் கீழே இறங்கினால் கண்ணுக்கே உறுத்தும் என்பது பழகியவர்கள் சொல்லும் தோராயம்.

பல ஆண்டுகள் இதுதான் அளவுகோலாக இருந்தது. இன்றும் இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு கண் குருடு! நம்பாவிட்டால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பாப்பா பேசும் படத்தை எடுத்து, எல்லாப் புள்ளிகளையும் ஐந்தளவு வெளிச்சமாக்குகிறேன். ஒவ்வொரு புள்ளியிலும் பிழை 5, ஐயைந்து இருபத்தைந்து. சராசரியும் 25.

இப்போது இன்னொரு படம். எதையும் தொடாமல், பாப்பாவின் முகத்தில் மட்டும் 144க்கு 144 புள்ளி அளவில் ஒரு சதுரத்தை 50 அளவு கறுக்க வைக்கிறேன். 144ஐ 144ஆல் பெருக்கினால் 20,736. முழுப் படத்தில் சரியாக நூறில் ஒரு பங்கு. அந்தப் புள்ளிகளில் பிழை 50. ஐம்பதை ஐம்பதால் பெருக்கினால் 2,500. நூறில் ஒரு பங்கு மட்டுமே கெட்டதால் சராசரி 2,500ஐ நூறால் வகுத்தது. அதாவது 25.

இரண்டு படத்துக்கும் ஒரே மதிப்பெண்: 34 டெசிபெல். முதல் படத்தைப் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவதைப் பார்த்தால் பாட்டி, "ஐயோ, புள்ள மூஞ்சியில என்ன கரி?" என்று பதறுவார். கணக்கு சரி, கண்ணுக்குச் சரியில்லை.

காரணம், கண் புள்ளியை எண்ணுவதில்லை; உருவத்தைப் பார்க்கிறது. விளிம்பு எங்கே, வரி எங்கே, கீற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேடுகிறது. இதைக் கணக்கில் சேர்த்தவர்கள் சோ வாங், ஆலன் போவிக், ஹமீத் ஷேக், ஈரோ சிமொன்செல்லி என்னும் நால்வர். 2004இல் அவர்கள் வெளியிட்ட முறைக்கு எஸ்எஸ்ஐஎம் என்று பெயர். படத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்து, அங்கே சராசரி வெளிச்சம் ஒத்துப்போகிறதா, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஒத்துப்போகிறதா, ஏறி இறங்கும் வடிவம் ஒத்துப்போகிறதா என்று மூன்றையும் பார்க்கும். அச்சு அசலாக இருந்தால் மதிப்பெண் 1. வடிவம் சிதையச் சிதையக் குறைந்துகொண்டே வரும். முழுவதும் கொஞ்சம் வெளிச்சமான படம் இதில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கிவிடும். பீலி கரைந்த படம் அடி வாங்கும். தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது நடிகர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தீர்களா? 2015இல் இந்தச் சூத்திரத்துக்கும் ஒன்று கிடைத்தது.

சரி, கண்தான் நீதிபதி என்றால் நேராகக் கண்ணையே கேட்டால் என்ன? கேட்கிறார்கள். அதற்கு முறையான சட்டதிட்டம் உண்டு. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1974இலேயே அதை எழுதிவிட்டது. கோலக் கணக்கு வெளிவந்த அதே ஆண்டு! குறைந்தது 15 பேரைக் கூப்பிட வேண்டும். அவர்கள் இந்தத் துறை நிபுணர்களாக இல்லாதிருப்பது நல்லது. முதலில் அவர்களுக்குப் பார்வைச் சோதனை, நிறக்குருடு இருக்கிறதா என்ற சோதனை. அறையின் வெளிச்சம், திரைக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரம் எல்லாம் அளந்து வைக்கப்படும். பிறகு படங்களைக் காட்டி 5 முதல் 1 வரை மதிப்பெண் கேட்பார்கள். மிக நன்று 5, நன்று 4, பரவாயில்லை 3, மோசம் 2, மிக மோசம் 1. எல்லாருடைய மதிப்பெண்ணின் சராசரிதான் தீர்ப்பு.

கேட்க எளிது, செய்யச் செலவு. தினமும் பதினைந்து பேரை எங்கே தேடுவது? அதனால் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தார் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வேறொரு வழி பிடித்தார்கள். மனிதர்கள் பார்த்து மதிப்பெண் போட்ட காணொளிகளைக் கணினியிடம் கொடுத்து, "இவர்கள் எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று கற்றுக்கொள்" என்றார்கள். தகவல் எவ்வளவு தப்பிப் பிழைத்தது, நுண்விவரம் எவ்வளவு அழிந்தது, படத்தில் அசைவு எவ்வளவு என்ற அளவுகளைக் கலந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் போட அது கற்றுக்கொண்டது. 2016இல் வெளியிட்ட அதன் பெயர் வீமாஃப். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். என் மடிக்கணினியில்கூட ஓடுகிறது, சற்று மூச்சு வாங்கிக்கொண்டு!

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. பத்துமலையின் 272 படிகளுக்கு 2018இல் வண்ணம் பூசினார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரு நிறம் முடியும் இடத்தில் பளிச்சென்று இன்னொரு நிறம் தொடங்கும். நம் கண்ணுக்கு வெளிச்சத்தில் உள்ள நுணுக்கம் நன்றாகத் தெரியும். நிறத்தில் உள்ள நுணுக்கம் அவ்வளவு தெரியாது. இது தெரிந்த பொறியியலாளர்கள் பக்கத்துப் பக்கத்து நான்கு புள்ளிகளுக்கு வெளிச்சத்தைத் தனித்தனியாக எழுதிவிட்டு, நிறத்தை மட்டும் நான்குக்கும் பொதுவாக எழுதுகிறார்கள். பன்னிரண்டு எண் வேண்டிய இடத்தில் ஆறு போதும். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் படிகளின் விளிம்பில் சிவப்பும் நீலமும் சந்திக்கும் இடத்தில் மைக்கறை போல நிறம் கசிந்து நிற்கும். வீமாஃப் வெளிச்சத்தை மட்டும்தான் பார்க்கிறது. நிறக் கசிவு அதன் கண்ணில் படாது. வண்ணப்படியை வெறும் கறுப்பு வெள்ளைப் படியாகப் பார்த்துவிட்டு "பிரமாதம்" என்று சொல்லிவிடும்.

பாட்டியிடம் இதைச் சொன்னதும் சிரித்தார். அவர் பார்த்த முதல் தொலைக்காட்சியே கறுப்பு வெள்ளைதான். நம் நாட்டில் ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28. வண்ணம் வந்தது 1978இல். அந்தக் காலத்தில் அலை சரியாகக் கிடைக்காவிட்டால் திரை முழுக்க எறும்பு மொய்ப்பது போலப் புள்ளி ஓடுமாம். ஒருவர் கூரைமேல் ஏறி ஏரியலைத் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்துவாராம். பழைய அலைவரிசை முறையை 2019 அக்டோபர் 31இல் நாடு முழுக்க மூடிவிட்டார்கள். அதோடு எறும்பும் போயிற்று. இப்போது கெட்டுப்போனால் எறும்பு வராது, ஓடு பதித்த தரைதான் வரும்.

பாப்பா விடவில்லை. "பாட்டிகிட்ட மூலப் படமே இல்லையே சித்தப்பா. எதோட ஒப்பிட்டு அவங்க கஞ்சின்னு சொன்னாங்க?"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இதுவரை சொன்ன எல்லாக் கணினி அளவுகோலுக்கும் பக்கத்தில் மூலம் வேண்டும். பாட்டிக்கு வேண்டியதில்லை! எண்பது ஆண்டுகளாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு, உண்மையான படம் எப்படி இருக்கும் என்று தெரியும். இலைக்கும் தோலுக்கும் புகைக்கும் துணிக்கும் பொதுவாக ஒரு சீர் இருக்கிறது. அது குலைந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. இந்தச் சீரைக் கணக்காக எழுதி, மூலமே இல்லாமல் மதிப்பெண் போடும் முறைகளும் உண்டு. 2013இல் வந்த ஒன்றுக்கு நைக்கீ என்று பெயர். அதை உருவாக்கியவர்கள் அனிஷ் மிட்டல், இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ராஜீவ் சௌந்தரராஜன், முன்பு பார்த்த அதே ஆலன் போவிக் ஆகிய மூவர். மக்கள் தங்கள் கைப்பேசியிலிருந்து வலையேற்றும் காணொளிகளுக்கு இப்படிப்பட்ட முறைதான் வேண்டும். கைப்பேசிக் கோப்பே ஏற்கெனவே நசுங்கியது. சுத்தமான மூலம் யாரிடமும் கிடையாது.

அன்றிரவே என் தவற்றைத் திருத்தினேன். "இவ்வளவு அளவுக்குள் அடக்கு" என்பதற்குப் பதிலாக, "இவ்வளவு தரம் வேண்டும், எவ்வளவு இடம் தேவையோ எடுத்துக்கொள்" என்று கட்டளையை மாற்றினேன். நாற்காலிப் பகுதி முன்னைவிடச் சிறிய கோப்பாக வந்தது; காவடிப் பகுதி பல மடங்கு வீங்கியது. பெரிய நிறுவனங்கள்கூட இதைத் தாமதமாகத்தான் செய்தன. எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு என்றிருந்ததை நெட்ஃபிளிக்ஸ் 2015 இறுதியில் மாற்றி, படத்துக்குப் படம் தனி அளவு கொடுக்கத் தொடங்கியது. கேலிச்சித்திரத்துக்குக் குறைவாக, அடிதடிப் படத்துக்கு நிறைய.

இரண்டாம் முறை பார்த்தபோது பாட்டி காவடிக்கு 4 கொடுத்தார். ஏன் 5 இல்லை என்று கேட்டேன். "நேர்ல பார்த்தவளாச்சே" என்றார்.

இனி உங்கள் முறை. வலையொளியில் இரண்டு காணொளிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒருவர் உட்கார்ந்து பேசுவது ஒன்று, மழையோ கூட்டமோ காவடியோ உள்ளது ஒன்று. பல்சக்கர அடையாளத்தை அழுத்தினால் 144, 240, 360, 480, 720 என்று தரங்கள் தெரியும். வரிசை மாற்றி மாற்றி வைத்து, எந்த எண் என்று சொல்லாமல், வீட்டில் உள்ள எல்லாரிடமும் 5 முதல் 1 வரை மதிப்பெண் கேளுங்கள். திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் நாற்காலி இருக்கட்டும். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக் கூடாது. எழுதித்தான் தர வேண்டும். பேசும் காணொளிக்கு எந்த எண்ணில் 4 கிடைத்தது, காவடிக்கு எந்த எண்ணில் 4 கிடைத்தது என்று அட்டவணை போட்டு ஆசிரியருக்கு அனுப்பி வையுங்கள். தொடங்கும் முன் பாட்டி, தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்க மறக்க வேண்டாம்.